நைனா சொன்ன கிணறு

புதுதில்லி
18 ஜூலை 2024

அன்புள்ள கவிதா அக்காவுக்கு,

நீங்களும் தணிகைவேல் மாமாவும் நலந்தானே? உங்கள் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நானும் உங்கள் கொழுந்தன் அசோக்கும் வெயிலில் வதங்கினாலும் சௌக்கியம்.

அக்கா, உங்கள் கேஸ் கட்டு எங்கள் சீனியர் வக்கீல் மேஜைக்கு வந்துவிட்டது! இத்தனை நாள் யார் யார் கட்டுகளையோ தூக்கிக்கொண்டு சுப்ரீம் கோர்ட் வராந்தாவில் ஓடினேன். இப்போது என் சொந்த ஓரகத்தியின் கிணறு! நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்றும், சுவருக்கு அந்தப் பக்கம்தான் எதிர்க்கட்சியான உங்கள் அண்ணன் சக்திவேல் குடியிருக்கிறார் என்றும் அசோக் சொன்னார். அதனால்தான் கடிதம்.

இந்தக் கோர்ட் லேசுப்பட்ட இடமில்லை அக்கா. வெற்றிலை காய்கறியா என்று இங்கே ஒரு வரி கேஸ் நடந்திருக்கிறது. இல்லை என்று தீர்ப்பு! பிறகு இன்னொரு கேஸில், பச்சை இஞ்சி காய்கறிதான் என்று தீர்ப்பு! அப்பாவும் பிள்ளையும் தலைமை நீதிபதியாக இருந்த குடும்பம் ஒன்று உண்டு. அப்பா சேர்ந்து எழுதிய பழைய தீர்ப்பைப் பிள்ளையே பின்னால் வந்து தவறு என்று எழுதினார். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரிக்கிறது.

உங்கள் அப்பா அன்று என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை வழிமறிக்கப்போகும்
கல்பனா

*

திருத்தணி
3 ஆகஸ்ட் 2024

கல்பனாவுக்கு அக்கா எழுதுவது. தணிகை முருகன் புண்ணியத்தில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் படியேறினால் வலிக்கிறது, வம்பு பேச நடந்தால் வலிப்பதில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு. கிணறு எங்கேயும் ஓடிப்போகாது.

ஆடிக் கிருத்திகைக்கு மலை முழுக்க காவடி. நம் கிணற்றங்கரை மல்லிப்பூ மொத்தமும் மேலே கோயிலுக்குப் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் உடனே பதில் எழுதவில்லை. வெற்றிலை காய்கறி இல்லையாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். "இத்த சொல்றதுக்கு டில்லி வரிக்கும் போவணுமா?" என்றார்.

அன்று நடந்தது இதுதான். அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் கிணற்றடிக்கு வரச்சொன்னார். மேட்டு நிலம் சக்திவேலுக்கு, கிணறும் அதைச் சுற்றின நிலமும் கவிதாவுக்கு என்றார். சக்திவேல் வாயைத் திறக்கவில்லை. எதுவும் எழுதிவைக்கவில்லை. அப்பா போன பிறகு, எல்லாம் ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் என்று கிளம்பினான். நீ சொன்ன பிள்ளையாவது அப்பா எழுதியதைத் தப்பு என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை, அப்பா சொன்னதே செல்லாது என்கிறான்.

இங்கே கோர்ட்டில் ஜெயித்தோம். ஹைகோர்ட் அப்பீலில் தோற்றோம். "சாட்சி பத்தலம்மா" என்பதோடு அங்கே எங்கள் வக்கீல் முடித்துக்கொண்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, என்ன எழுதினார்களோ. உங்கள் கோர்ட்டிலும் தோற்றால் அந்த மண்ணைவிட்டு இறங்க வேண்டியதுதான். சித்திரையிலும் வற்றாத கிணறு கல்பனா. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே ஆகாது.

கொழுந்தனாரைக் கேட்டதாகச் சொல்.
கவிதா

*

புதுதில்லி
30 ஆகஸ்ட் 2024

அக்கா! நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை, நலமாகத்தான் இருப்பீர்கள்!

லீவ் கிராண்டட்! லீவ் கிராண்டட்! கோர்ட் வராந்தாவில் நின்றபடியே எழுதுகிறேன். நீதிபதிகள் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். சீனியரே முதுகில் தட்டிக்கொடுத்தார். மலைக்குப் போய் முருகனுக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்!

துள்ளிக்குதிக்கும்
கல்பனா

*

திருத்தணி
11 செப்டம்பர் 2024

கல்பனாவுக்கு, இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

லீவு விட்டதற்கு எதற்கடி தேங்காய்? எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பதால் உன் கடிதங்களை வீட்டுக்காரர்தான் படித்துக்காட்டுகிறார். பொதட்டூர்பேட்டை டவுன் பஸ் ஓட்டி ஓட்டி, ஹாரனுக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. சுவருக்கு அந்தாண்டையும் கேட்டுவிட்டது. மறுநாள் டீக்கடையில் சக்திவேல், "சுப்ரீம் கோர்ட்டே லீவு உட்டுட்டாங்களாம்பா, இனிமே கேஸாவது ஒண்ணாவது" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இப்படி லீவு விட்டுகினே இருந்தால் எங்கள் கதி என்ன?

கவலையோடு,
கவிதா

*

புதுதில்லி
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மனசு இந்நேரம் தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து அசோக் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். அந்த லீவ் வேறு! மேல்முறையீடு செய்ய அனுமதி கொடுத்தாயிற்று என்று அர்த்தம். இனி உங்கள் கேஸை முழுசாகக் கேட்பார்கள், அதுவரை உங்களை யாரும் நிலத்திலிருந்து இறக்க முடியாது. நீங்கள் மட்டுமில்லை, மொழிபெயர்க்கும் மெஷின் ஒன்று அதே வார்த்தையை இந்தியில் 'விடுமுறை ஏற்கப்பட்டது' என்று போட்டதாக இங்கே ஒரு கதை உலவுகிறது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கீழே இருந்து வந்த ஒரு தீர்ப்பின் ஆங்கிலம் இங்குள்ள நீதிபதிகளுக்கே புரியாமல், மறுபடி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒன்றைப் படித்துவிட்டுத் தலைவலித் தைலம் தடவ வேண்டியதாயிற்று என்று ஒரு நீதிபதி சொன்னாராம்!

அக்கா, கண்ணாடி மாற்றிவிட்டீர்கள்தானே? இந்தப் பக்கத்தை நீங்கள் மட்டும் தனியாகப் படியுங்கள். அப்பீலில் நீங்கள் தோற்ற காரணம் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு நெருக்கமான ஒரு பெண்மணி இருந்திருக்கிறார். கேஸே அவர் சொன்ன வார்த்தையில்தான் நிற்கிறது. அவரை ஏன் கூண்டில் ஏற்றவில்லை என்று கேட்டுத்தான் உங்களுக்கு எதிராக எழுதிவிட்டார்கள். எதிர்க்கட்சியும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை, அம்மா கண்ணில் பட்டால் என்ன ஆகும்! பழைய விஷயத்தை நான் கிளறவில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

உங்கள் மேல் துளியும் மரியாதை குறையாத
கல்பனா

*

புதுதில்லி
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி நெருங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் மாமா எடுத்து, "அவ கெணத்தாண்ட கீறாம்மா" என்று வைத்துவிடுகிறார். கோபமா அக்கா?

இங்கே நீதிபதிகளின் நூலகத்தில் புதிதாக ஒரு நீதிதேவதை சிலை வந்திருக்கிறது. கண்கட்டு இல்லை, கையில் வாளும் இல்லை. வாளுக்குப் பதில் அரசியல் சட்டப் புத்தகம்! அதைப் படத்தில் பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. எல்லாவற்றையும் திறந்து சொல்லிவிட்டால் நல்லது அக்கா. ஜனவரியில் விசாரணை. அந்த அம்மாளைப் பற்றித் தெரியாமல் சீனியர் வாயைத் திறக்க முடியாது. கிணறு கையைவிட்டுப் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் ஒரு வரிக்காக ஏங்கும்
கல்பனா

*

திருத்தணி
9 நவம்பர் 2024

கல்பனா,

நலமா என்று கேட்கிறாயே, நீ வைத்த வெடியில் இந்த வீட்டில் தீபாவளியே நடக்கவில்லை.

'இந்தப் பக்கத்தை நீங்கள் மட்டும் தனியாகப் படியுங்கள்' என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரியையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் மேலே போனார். 'நெருக்கமான பெண்மணி' என்ற இடம் வந்ததும் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எந்தச் சிறுக்கிடி அவ?" என்றாள். அப்பா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் அவளாகவே யோசித்துக் கண்டுபிடித்தாள். பொதட்டூர்பேட்டையில் லுங்கி விற்கும் ரஞ்சிதம்! "ஒரு மனுசனுக்கு இன்னாத்துக்கு அத்தினி லுங்கி?" என்று ஒரே பிடி. தாங்க முடியாமல் என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து விசாரிக்கப் போனார். அந்தம்மாவுக்கு அப்பாவின் முகமே நினைவில்லையாம். இவர் தலையில் ஒரு லுங்கியைக் கட்டி அனுப்பிவிட்டாள். அதைப் பார்த்ததும் அம்மா சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள்.

கேஸ் போட்ட நாளிலிருந்து எங்கள் வாசலை மிதிக்காத சக்திவேல் அன்றைக்கு ஓடி வந்தான். சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. கண்ணெல்லாம் சிவந்து நின்றான். "எவன்டி சொன்னான் எங்க நைனாவைப் பத்தி? நைனா தெய்வம்டி! கேஸு வேற, இது வேற. அந்த மனுசன் மேல பழி போட்டா நான் சும்மா இருக்கமாட்டேன்!" என்று கத்தினான். பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினான். அம்மா சாப்பிட்டாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டான்.

எனக்கு வயிறு எரிகிறது கல்பனா. கிணறு போனாலும் போகட்டும். யார் அந்தப் பெண்? பேரைச் சொல். சொல்ல முடியாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

கவிதா

*

புதுதில்லி
16 நவம்பர் 2024

அக்கா! அக்கா! அக்கா!

முதலில் அம்மா காலில் விழுகிறேன். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! அந்தப் பெண்ணின் பெயர் நைனா!

சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள். உங்கள் பக்கம் அப்பாவைத்தான் நைனா என்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? நீங்கள் ஆர்.கே.பேட்டைப் பக்கம், நான் ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவள். இங்கே பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் பெயர் நைனா. எதிர் ஃபிளாட்டில் ஒரு நைனா. எங்கள் ஊரில் அது பெண் பெயர்! நம் மாமியார் வீட்டிலோ எல்லோரும் அப்பா என்கிறார்கள். நீங்களும் எனக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் அப்பா என்றே எழுதினீர்கள். அண்ணன் கத்தியதை நீங்கள் எழுதியிராவிட்டால் செத்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

கட்டில் இருப்பது சாட்சியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும்தான். அதில் 'நைனா சொன்னாள், நைனா சொன்னாள்' என்று பத்திக்குப் பத்தி வருகிறது. ஏன் 'சொன்னாள்' என்று அசோக்கைக் கேட்டேன். உங்கள் பக்கம் பெரியவர்களை 'நைனா வந்துச்சு, நைனா சொல்லிச்சு' என்பார்களாமே! மொழிபெயர்த்த புண்ணியவான் ஆணா பெண்ணா என்று புரியாமல் பெண்ணாக்கிவிட்டார். அப்பீலில் கேட்ட நீதிபதி வடக்கத்திக்காரர். 'இந்த நைனா என்ற பெண்ணை விசாரிக்கவே இல்லை' என்று எழுதிவிட்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் சக்திவேல் அண்ணனே, 'நைனா அப்படி சொன்னாள், எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால், உங்கள் அப்பா கிணற்றை உங்களுக்குக் கொடுத்ததை எதிர்க்கட்சியே ஒத்துக்கொண்டாயிற்று! சீனியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தமிழில் எழுதிய அசல் சாட்சியத்தின் நகலை உடனே திருத்தணிக் கோர்ட்டில் வாங்கி அனுப்புங்கள்.

அம்மா சாப்பிடுகிறார்களா?
வெட்கத்தில் முகம் மூடிக்கொண்டிருக்கும்
கல்பனா

*

திருத்தணி
28 நவம்பர் 2024

அடியே ஓரகத்தி, நன்றாக இருக்கிறாயா?

சிரிக்காதே என்றால் எப்படி? என் வீட்டுக்காரர் படிக்க ஆரம்பித்து, முடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா முதலில் முறைத்தாள். புரிந்ததும், "அப்போ அவரு கூடவே சுத்தினு இருந்த பொம்பள அவரேதானா?" என்று கேட்டுவிட்டு, படத்தை நேராகத் திருப்பி முந்தானையால் துடைத்தாள். லுங்கியை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ படித்த பெண்ணாயிற்றே என்று மரியாதையாக அப்பா அப்பா என்று எழுதினேன். அந்த மரியாதைதான் வினையாகிவிட்டது.

நகல் இத்துடன் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது சக்திவேல் நிலத்துக்குப் போயிருந்தான், அவனிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. சாப்பிடாமல் கிடந்த அம்மாவுக்கு ஊட்டிவிட்டுப் போனானே, அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது. தன் வாயாலேயே தோற்றான் என்று டீக்கடை சிரித்தால் எனக்குத் தாங்காது. கிணறு எனக்கு வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அவன் தோற்ற மாதிரித் தெரியாமல் நான் ஜெயிக்க வழி உண்டா? உன் சீனியரைக் கேள்.

கவிதா

*

திருத்தணி
23 ஜனவரி 2025

கல்பனாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம்.  விசாரணையை நீ அங்கே நேரில் நின்று பார்த்தாய், ஆனால் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய லிங்க்கைப் போட்டுவிட்டு நாங்கள் மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். அவன் வக்கீல் அனுப்பியதை அவன் தன் வீட்டில் போட்டுகினு உட்கார்ந்தான். பெரிய ஜட்ஜ் ஏதோ இங்கிலீஷில் சொல்ல எல்லோரும் சிரித்தீர்கள். அவர் பேத்தி பெயரும் நைனாவாம் என்று நீ பிறகு சொன்னாய். உன் சீனியர் விளக்கினார். அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்து பேசினார். அப்போது அந்த இன்னொரு ஜட்ஜ், ஆந்திராக்காரர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்சிக்காரர் வீடியோவில் இருக்கிறாரா என்று கேட்டார். சக்திவேல் முகம் தெரிந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. 

அவர் தெலுங்கு வாடையோடு தமிழில் நிதானமாகக் கேட்டார். "ஏம்பா, நைனான்னு ஒரு பொம்பள உங்க அப்பாவுக்குப் பழக்கம்னு உங்க வக்கீல் சொல்றாரு. நிஜமா?"

தெலுங்கிலும் அப்பாவை நைனா என்பார்கள், ஆந்திராக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்டிருக்கிறார்!

சக்திவேல் தலையை ஆட்டியிருந்தால் போதும், கிணறு அவனுக்கு. அம்மா என் கையை நசுக்கிகினு இருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பார் ஒரு சத்தம். போனில் அவன் உதடு அசைவதற்கு முன்னாலேயே சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டுவிட்டது.

"ஐயா, நைனா பொம்பள இல்லீங்க! எங்கப்பன்!"

பிறகுதான் அதே வார்த்தை போனில் வந்தது. அப்புறம் இறங்கின குரலில், "கெணறு தங்கச்சிக்குன்னு எங்க நைனா சொல்லிச்சுங்க. எனக்குத்தான் மனசு வரல" என்றான். அதையும் இரண்டு தடவை கேட்டோம்.

நான் அழுதேன் கல்பனா. வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். அதுவும் அவனுக்குக் கேட்டிருக்கும். தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்கிறாய். இது எந்த லீவோ, சீக்கிரம் முடியட்டும்.

கவிதா

*

புதுதில்லி
4 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கு, மாமாவுக்கு,

எல்லோரும் நலமாக, உட்கார்ந்த நிலையில் இருக்கிறீர்களா? மாமா, தயவுசெய்து இதை உங்களால் முடிந்த அளவு சத்தமாகப் படியுங்கள்!

அப்பீல் அலவ்டு! இதற்கு வேறு அர்த்தமே இல்லை, ஜெயித்துவிட்டோம்! கிணறும் நிலமும் உங்களுக்கு!

தீர்ப்பின் அடிக்குறிப்பில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'நைனா: திருத்தணி வட்டாரத் தமிழில் தந்தையை அழைக்கும் சொல்.' வெற்றிலைக்கும் இஞ்சிக்கும் இடம் கொடுத்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளில் இப்போது உங்கள் நைனாவுக்கும் ஒரு வரி! கோர்ட்டிலிருந்து வீடு வரை நான் தரையில் நடக்கவில்லை.

நீங்கள் கேட்டிருந்தீர்களே, அண்ணன் தோற்ற மாதிரித் தெரியாமல் வழி உண்டா என்று. சீனியர் இல்லை என்று கையை விரித்துவிட்டார். ஆனால் அந்த ஆந்திரா நீதிபதி யாரும் கேட்காமலே ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அப்படியே தமிழில் தருகிறேன்: 'எதிர்மனுதாரர் தம் தந்தையின் நிலத்தைவிடத் தந்தையின் பெயரைப் பெரிதாக நினைத்தார். இந்தத் தீர்ப்பு அந்த மகன் சொன்ன உண்மையின் மேல் நிற்கிறது.'

உங்கள் அம்மாவின் மன்னிப்பை இன்னும் எதிர்பார்க்கும்
கல்பனா

*

திருத்தணி
15 மார்ச் 2025

கல்பனாவுக்கு, அம்மா உன்னை எப்போதோ மன்னித்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள், இளைத்துப்போயிருக்கிறாய் என்று வீடியோவில் பார்த்து அவளே சொன்னாள்.

என் வீட்டுக்காரர் நீ சொன்னபடியே படித்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அந்தக் கடைசிப் பத்தி முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சக்திவேல் வாசலில் வந்து நின்றான். "மச்சான், அந்த எடத்த இன்னொரு தபா படி" என்றான். படித்தார். "ஆங்" என்றான். அம்மா தட்டு போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் கிணற்றிலிருந்து அவன் மேட்டு நிலத்துக்குப் பைப் இழுக்கச் சொன்னேன். "தீர்ப்புல இல்லியே" என்றான். "நைனா இருந்தா இன்னாடா சொல்லும்?" என்று கேட்டேன். மண்வெட்டியை எடுத்துகினு முன்னால் போனான்.

இனிமேல் கடிதமெல்லாம் வேண்டாம், போன் பண்ணு. என் குரல் சுவரைத் தாண்டினால் தாண்டட்டும்.

உன் அக்கா,
நைனா மகள் கவிதா